இரண்டு பேர், ஒரு லூப்: எல் டென் இலெவன் கடந்து வந்த இருபது ஆண்டுகள்

லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த எல் டென் இலெவன் குழுவில் இரண்டே பேர். கிறிஸ்டியன் டன் தோளில் தொங்குவது டபுள் நெக் வாத்தியம்: ஒரே உடலில் இரண்டு கழுத்து, ஒன்று பாஸ், மற்றது கிட்டார். காலடியில் பெடல்கள் வரிசைகட்டிக் கிடக்கும். டிரம்ஸில் டிம் ஃபோகார்ட்டி. வழக்கமான டிரம்ஸோடு, குச்சியால் தட்டினால் மின்னணு ஒலி எழுப்பும் பேட்களும் அவரிடம் உண்டு. லேப்டாப் கிடையாது, பாடகரும் கிடையாது. பார்க்காமல் காதால் மட்டும் கேட்கிறவர், மேடையில் நாலைந்து பேராவது இருப்பார்கள் என்றுதான் நினைப்பார்.

2002-இல் சேர்ந்த இந்த ஜோடி ஆள் மாறாமல் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறது. பாடும் குரலே இல்லாத ராக் இசையை வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் நிற்காமல், இத்தனை காலம் தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘ரெண்டே பேரா இவ்வளவும் வாசிக்கிறாங்க?’ என்ற வியப்போடு நின்றுவிடுகிறார்கள். வியப்பு நியாயமானதுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் காலடிப் பெட்டியான லூப் பெடல் அவர்களுடைய ஆள் பற்றாக்குறையைத் தீர்த்துவைத்தது. பாட்டு எந்தப் பக்கம் நகரலாம், எந்தப் பக்கம் நகர முடியாது என்பதையும் அதே பெடல்தான் முடிவு செய்தது. ஆல்பங்களை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கட்டுக்குள் எங்கெல்லாம் இடம் கிடைக்கிறது என்று இருவரும் தேடிக்கொண்டே வந்திருப்பது தெரியும்.

முதலில், இவர்களுடைய இசைவகையான போஸ்ட்-ராக் பற்றிக் கொஞ்சம். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ், 1994-இல். ராக் இசையின் வாத்தியங்களை வைத்துக்கொண்டே ராக் அல்லாத ஒன்றைச் செய்கிறவர்களைக் குறிக்க அவர் இதைப் பயன்படுத்தினார். கிட்டார் இருக்கும், ஆனால் பல்லவி சரணம் என்ற அமைப்பு இருக்காது. ஒலியின் தன்மையும் அது மெல்ல மெல்ல மாறுவதும்தான் முக்கியம். சிகாகோவின் டார்ட்டாய்ஸ், கிளாஸ்கோவின் மொக்வாய், மாண்ட்ரியாலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர், டெக்சாஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை என்று அடுத்த பத்தாண்டுகளில் ஒரு பெரிய வரிசை உருவானது. இவர்களில் பெரும்பாலோர் கூட்டமாக வாசிப்பவர்கள். மூன்று நான்கு கிட்டார்கள் சேர்ந்து மெதுவாகத் தொடங்கி, காதடைக்கும் உச்சத்துக்கு ஏறும். காட்ஸ்பீடில் அப்போது வயலினும் செல்லோவும்கூட இருந்தன. அந்த அடர்த்திக்கு ஆள் வேண்டும் என்பதுதான் அன்றைய பொது எண்ணம்.

எல் டென் இலெவன் அந்த எண்ணத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. பெயரே ஒரு விமானத்திலிருந்து எடுத்தது: லாக்ஹீட் நிறுவனத்தின் எல்-1011 ட்ரைஸ்டார். கலிபோர்னியாவின் பாம்டேலில் உருவான, மூன்று எஞ்சின் கொண்ட அகன்ற பயணிகள் விமானம். முதன்முதலில் பறந்தது 1970 நவம்பரில். பொறியியலில் அதன் காலத்தைத் தாண்டி நின்றது என்று இன்றும் விமானப் பிரியர்கள் சொல்வார்கள், வியாபாரத்தில் தோற்றது. 1984 வரை 250 விமானங்கள்தான் செய்தார்கள். (ஏர் லங்காவும் இதை ஓட்டியது. எண்பதுகளில் கொழும்பிலிருந்து பறந்த வாசகர்கள் சிலர் இதில் ஏறியிருக்கக்கூடும்.)

சரி, லூப் பெடலுக்கு வருவோம். வாசித்ததைப் பதிவு செய்து, அங்கேயே திரும்பத் திரும்ப ஓடவிடும் உத்தி பழசு. 1960-களில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி இரண்டு டேப் ரெக்கார்டர்களை இணைத்து இதைச் செய்தார். 1973-இல் வெளியான ஆல்பம் ஒன்றுக்காக பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு ரீவாக்ஸ் டேப் மெஷின்களை வைத்து அதே வேலையைச் செய்தார்கள். ஒரு மெஷின் பதிவு செய்யும். நாடா கொஞ்ச தூரம் பயணித்து அடுத்த மெஷினில் ஒலிக்கும். ஒலித்தது மறுபடி முதல் மெஷினுக்குப் போகும். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய சாமான் இல்லை இது. டிஜிட்டல் நினைவகம் மலிவானபோதுதான் நிலைமை மாறியது. பாஸ் (Boss) என்ற நிறுவனத்தின் ஆர்சி-20 லூப் ஸ்டேஷன் 2001-இல் வந்தது. காலடியில் வைக்கும் ஒரு பெட்டிக்குள் ஐந்தரை நிமிடம் பதிவு செய்யலாம். அடுத்த ஆண்டே எல் டென் இலெவன் தொடங்கியது. அவர்கள் அந்தக் குறிப்பிட்ட பெட்டியைத்தான் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேர் ஒரு முழு பேண்டாக முடியும் என்ற நினைப்பே அந்தக் காலத்துச் சாமான்களால் சாத்தியமானது என்கிறேன்.

மேடையில் நடப்பது இதுதான். டன் பாஸில் ஒரு வரி வாசிக்கிறார். முதல் சுரத்தில் பெடலை ஒரு தட்டு, வரி முடியும் இடத்தில் இன்னொரு தட்டு. வரி தானாக ஓட ஆரம்பிக்கிறது. அதன்மேல் இன்னொரு வரி, அதற்கும் ஒரு தட்டு. அப்புறம் கை அடுத்த கழுத்துக்கு மாறுகிறது. கிட்டாரில் ஒரு மெட்டு. மூன்று நான்கு அடுக்குகள் சேர்ந்ததும் அவருடைய கை காலியாகிவிடுகிறது. இனி எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

கேட்க எளிது. அந்த இரண்டாவது தட்டில்தான் உயிரே இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. நாலு நாலாக எண்ணும் தாளத்தில் நான்கு சுற்று என்றால் 16 அடி, அதாவது சரியாக 8 நொடி. இரண்டாவது தட்டு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமானால் லூப்பின் நீளம் 8.05 நொடி ஆகிவிடும். ஒரு முறை கேட்டால் யாருக்கும் தெரியாது. அதே லூப் இருபது முறை ஓடும்போது தவறு ஒரு முழு நொடியாக வளர்ந்திருக்கும். டிரம்மர் கடிகாரம் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தால் இரண்டு அடி தள்ளிப் போயிருப்பார். மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் பிசகினால் மற்றவர் காதில் வாங்கிச் சரிசெய்துகொள்வார். லூப்புக்குக் காது கிடையாது. அது தன் பிழையோடு அப்படியே ஓடும்.

அதனால் ஃபோகார்ட்டியின் வேலை வழக்கமான டிரம்மர் வேலை இல்லை. பொதுவாக ராக் குழுவில் டிரம்மர்தான் காலத்தை வைத்திருப்பார், மற்றவர்கள் அவரைப் பின்தொடர்வார்கள். இங்கே தலைகீழ். ஓடுகிற லூப்பை ஒவ்வொரு நொடியும் கேட்டு, அதன் நீளத்துக்குள் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் தனக்கு லூப் தெளிவாகக் கேட்காவிட்டால் பாட்டே சரிந்துவிடும். இதை இயந்திரத்தனமாகச் செய்தால் தாளம் செத்துப்போகும். ஃபோகார்ட்டி வாசிப்பில் அது நடப்பதில்லை. லூப்போடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டே சுற்றுக்குள் அழுத்தத்தை இடம் மாற்றுகிறார்: ஸ்னேர் டிரம் விழ வேண்டிய இடத்தில் மௌனம், மௌனம் இருந்த இடத்தில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு. டன் வாசித்த வரி ஒன்றுதான். கீழே தாளம் மாறும்போது நமக்கு வரியே மாறிவிட்ட மாதிரி கேட்கிறது. இந்தக் குழுவின் பேரைச் சொன்னதும் எல்லோரும் டபுள் நெக்கைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பாட்டுக்கு வடிவம் கொடுப்பவர் டிரம்மர்தான். ஒருமுறை பதிவான பிறகு டன்னின் அடுக்குகள் மாறாது. மாறக்கூடியது ஃபோகார்ட்டியின் கை மட்டுமே.

லூப் விதிக்கும் கட்டு இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, சுருதியும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையும். அடியில் ஒரு பாஸ் வரி சுற்றிக்கொண்டே இருக்கும்போது, மேலே திடீரென்று வேறு சுருதிக்குத் தாவ முடியாது. தாவ வேண்டுமானால் ஓடுகிற லூப்பை நிறுத்தியாக வேண்டும். எல்லா அடுக்கும் ஒரே பெடலுக்குள் இருந்தால் கடைசியாகச் சேர்த்ததைத்தான் எடுக்க முடியும். நடுவில் இருப்பதை மட்டும் உருவி எடுக்க முடியாது. அதற்குத் தனித்தனிப் பெடல் வேண்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காலால் ஆள வேண்டும். டன்னின் காலடியில் அத்தனை பெடல்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, தாழ்ந்த ஒலிகளின் சிக்கல். பாஸின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, கிட்டாரின் தடித்த தந்தி அதைப்போல் இரு மடங்கு, 82-இல். தாழ்ந்த ஒலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சேறாகிவிடும், எந்த வரியும் தனியாகக் கேட்காது. அதனால் டன் பாஸையே உயர்ந்த சுரங்களில், கழுத்து உடலோடு சேரும் பக்கமாக வாசிக்கிறார். ஃப்ரெட் (கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி) இல்லாத பாஸையும் நிறையக் கையாள்கிறார். அதன் வழுக்கும் குரல் பாடகர் இல்லாத இடத்தை நிரப்புகிறது. இந்தக் குழுவின் அடையாளமான அந்தத் தெளிந்த, மினுமினுக்கும் ஒலி ரசனையால் மட்டும் வந்ததில்லை. சேறாகாமல் அடுக்க வேண்டிய தேவையும் சேர்ந்து கொடுத்தது.

இந்த இலக்கணம் முழுவதும் குழுவின் பெயரையே தாங்கி 2004-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. அதில் உள்ள ‘மை ஒன்லி ஸ்வர்விங்’ இன்றைக்கும் அவர்களுடைய அடையாளப் பாட்டு. ஓர் எளிய, தூய ஒலியுள்ள வரி சுழல ஆரம்பிக்கும். டிரம்ஸ் அவசரமில்லாமல் உள்ளே வரும். அடுக்குகள் கூடக் கூட, முதலில் தனியாக நின்ற அந்த வரி மற்றவற்றுக்குள் கரைந்துபோகும். ஒரு கட்டத்தில் அது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தேடினால் அங்கேயேதான் இருக்கும். எதுவும் நீங்கவில்லை, மேலே சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாட்டின் ஏக்கம் முழுக்க இந்த ஒரு செயலிலிருந்து பிறக்கிறது.

அந்த முதல் ஆல்பத்தை உலகத்துக்குக் கொண்டுபோனது ஒரு எழுத்துரு. கேரி ஹஸ்ட்விட் இயக்கிய ‘ஹெல்வெட்டிகா’ ஆவணப்படம் 2007-இல் வந்தது. 1957-இல் சுவிட்சர்லாந்தில் உருவாகி, பெயர்ப்பலகை முதல் வரிப் படிவம் வரை எங்கும் நிறைந்துவிட்ட அந்த எழுத்துருவின் ஐம்பதாண்டுக் கதை. படத்தில் பல குழுக்களின் இசை உண்டு. ஆனால் வடிவமைப்பாளர்கள் பலருடைய நினைவில் தங்கியது எல் டென் இலெவன்தான். பொருத்தம் தற்செயலானது இல்லை. ஒரே எழுத்து ஆயிரம் இடங்களில் திரும்ப வருவதைக் காட்டும் காட்சிகளுக்கு, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் இசையைவிட வேறு எது ஒத்துப்போகும்? ஹஸ்ட்விட்டின் அடுத்த படங்களான ‘அப்ஜெக்டிஃபைட்’ (2009), ‘அர்பனைஸ்ட்’ (2011) இரண்டிலும் அவர்களுடைய இசை தொடர்ந்தது. மூன்றையும் பார்த்த ஒரு தலைமுறை வடிவமைப்பு மாணவர்களுக்கு, நகரத்தையும் பொருள்களையும் உற்றுப் பார்க்கும்போது மனதில் ஓடும் பின்னணி இசையே இதுதான்.

பிழைப்பு விஷயத்தையும் பேசத்தான் வேண்டும். பாடும் குரல் இல்லாத இசைக்கு வானொலியில் இடம் குறைவு. ஆனால் பேச்சின் கீழே ஓட்டுவதற்கு அதைப்போல் வசதியானது இல்லை. சொற்கள் சொற்களோடு மோதாது. படத்துக்கோ விளம்பரத்துக்கோ இசையை உரிமம் கொடுத்துச் சம்பாதிக்க இது நல்ல வழி. டூர் செலவும் அப்படித்தான். ஆறு பேர் குழுவுக்கு ஆறு பேர் சாப்பாடு, படுக்கை, பெரிய வண்டி எல்லாம் வேண்டும். இங்கே இரண்டு பேர். வருவதையும் இரண்டாகப் பிரித்தால் போதும். ஆல்பங்கள் பலவற்றைத் தங்கள் சொந்த லேபிளிலேயே (இசை வெளியீட்டு நிறுவனம்) கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ஃபேக் ரெக்கார்ட் லேபிள்’. எத்தனையோ நல்ல போஸ்ட்-ராக் குழுக்கள் கலைந்துபோனதற்குப் பணமும் ஆட்களைக் கூட்டிச் சேர்க்கும் சிரமமும்தான் காரணம். அதை நினைக்கும்போது, இந்த ஜோடி நிலைத்ததில் இசைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தச் சிக்கனத்துக்கும் உண்டு என்று தோன்றுகிறது.

2007-இல் ‘எவ்ரி டைரக்‌ஷன் இஸ் நார்த்’, 2008-இல் ‘தீஸ் பிராமிஸஸ் ஆர் பீயிங் வீடியோடேப்ட்’, 2010-இல் ‘இட்ஸ் ஸ்டில் லைக் எ சீக்ரெட்’. மூன்றிலும் வேகம் கூடுகிறது, நடன இசையின் சாயல் வருகிறது, ஒலி முரடாகிறது. முதல் ஆல்பத்தின் நிதானத்தை விரும்பியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தியிருக்கும். ‘ஃபேட் ஜிம் ரயட்’ போன்ற பாட்டுகளின் துள்ளல் எனக்குப் பிடித்தே இருக்கிறது. பாடல் வரிகளே இல்லாத குழு தலைப்புகளில் மட்டும் வாயாடியாக இருப்பதையும் கவனிக்கலாம். ‘மேரேஜ் இஸ் தி நியூ கோயிங் ஸ்டெடி’, ‘இயன் மெக்கே வாஸ் ரைட்’ (மெக்கே ஒரு பங்க் இசைக்கலைஞர்), ‘லிவிங் ஆன் கிரெடிட் ப்ளூஸ்’. இந்த இசைவகையில் பொதுவாகத் தலைப்புகள் பிரபஞ்சம், பேரழிவு, மரணம் என்று கனமாக இருக்கும். இவர்கள் கல்யாணத்தையும் கடனையும் தலைப்பாக வைக்கிறார்கள்.

2012-இல் வந்த ‘டிரான்சிஷன்ஸ்’தான் என் கணக்கில் இவர்களுடைய சிகரம். அதன் தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டும். அதற்கு முன் லூப்பை வைத்து அவர்கள் செய்தது பெரும்பாலும் ஏற்றம்: ஒரு வரியில் தொடங்கி, அடுக்கி, உச்சத்தில் முடிப்பது. லூப் இயல்பாகவே இழுத்துச் செல்லும் பாதை அது. சேர்ப்பது சுலபம், கழிப்பது கடினம். ‘டிரான்சிஷன்ஸ்’ பாட்டில் ஏற்றம் ஒன்று முடிந்ததும் அதைக் கலைத்துவிட்டு, வேறொரு இடத்திலிருந்து மறுபடி கட்டுகிறார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்குப் போகும் அந்தச் சந்திகள்தான் பாட்டே. ஓடுகிற அடுக்கு ஒன்று அடங்கும் வேளையில் டிரம்ஸ் மட்டும் நின்று பாரத்தைத் தாங்குகிறது, அந்த இடைவெளியில் புது வரி முளைக்கிறது. இரண்டு பேருக்குள் வேலை எப்படிக் கைமாறுகிறது என்று இங்கே காதாலேயே பார்க்கலாம்.

அதன்பின் வந்த ‘ஃபார் எமிலி’ (2014), ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’ (2015) பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 2016-இல் ஒரு திருப்பம். ‘அன்யூசபிள் லவ்’ என்ற சிறு தொகுப்பில் பாடகர் ஒருவரைச் சேர்த்தார்கள்: எமில் மொசெரி. பின்னாளில் ‘மினாரி’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் இவர்தான். குரல் அழகு. ஆனால் பாடுவது என்று வந்ததும் வேறு நியாயம் வந்துவிடுகிறது: சொல்லுக்கு இடம் விட வேண்டும், சரணத்துக்கும் பல்லவிக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும், சுற்றிவரும் வரி கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நல்ல தொகுப்புதான், இருந்தாலும் அதில் டன்னும் ஃபோகார்ட்டியும் பக்கவாத்தியக்காரர்களாகிவிடுகிறார்கள். மறுபடி வாத்திய இசைக்கே அவர்கள் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

திரும்பியது 2018-இன் ‘பேங்கர்ஸ் ஹில்’ ஆல்பத்தில், டாப்ஷெல்ஃப் ரெக்கார்ட்ஸ் வழியாக. இந்த முறை தயாரிப்பாளராக சன்னி டிபெர்ரி வந்தார். அதுவரை தாங்களே முடிவு செய்துகொண்டிருந்தவர்கள், மூன்றாவது காது ஒன்றை அறைக்குள் அனுமதித்தார்கள். ஒலி விரிகிறது, மூச்சு விடுகிறது.

2020-இல் இண்டியானாபோலிஸின் ஜாய்ஃபுல் நாய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டாட்டாலஜி’ மூன்று பாகம். மனித வாழ்க்கையின் வளைவைக் காட்டுவதே நோக்கம் என்று அவர்களே சொன்னார்கள்: முதல் பாகம் இளமையின் கொந்தளிப்பு, இரண்டாவது நடுவயது, மூன்றாவது முடிவை நெருங்கும் அமைதி. முதல் பாகத்தில் கிட்டார் கனத்து, கிட்டத்தட்ட மெட்டல் அளவுக்கு இறுகுகிறது. இரண்டாவது, நமக்கு ஏற்கெனவே பழக்கமான எல் டென் இலெவன். மூன்றாவதில் தாளம் பின்வாங்கி ஒலி மட்டும் மிதக்கிறது. இது எளிதான முடிவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் பாட்டுக்கு வடிவம் கொடுத்து வந்தது ஃபோகார்ட்டியின் தாளம்தான் என்றால், அதை ஒதுக்கிவிட்டு வாசிப்பது இருவருக்கும் துணிச்சலான காரியம். லூப் இங்கே ஏறுவதற்கான படியாக இல்லாமல் தங்குவதற்கான இடமாகிறது. மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். மூன்றாவதை இரவில் தனியாகக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

2022-இல் ‘நியூ இயர்ஸ் ஈவ்’, 2023-இல் ‘வேலி ஆஃப் ஃபயர்’ என்று அவர்கள் நிற்கவில்லை.

புதிதாகக் கேட்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ‘மை ஒன்லி ஸ்வர்விங்’, அப்புறம் ‘டிரான்சிஷன்ஸ்’ தலைப்புப் பாட்டு, அதன்பின் ‘டாட்டாலஜி’யின் மூன்றாவது பாகம். அதோடு மேடையில் வாசிக்கும் காணொளி ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும். முதல் முறை டன்னின் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். எந்த அடுக்கு எந்தத் தட்டில் பிறக்கிறது என்று பிடிபட்டுவிடும். இரண்டாவது முறை ஃபோகார்ட்டியை மட்டும் பாருங்கள்.